ஏரிமேல் ஒரு முகவரி

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அர்லிஸ் ரூட் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது, தோர்டிஸ் மோன் என்னும் பெண்மணி இரும்புக்கடையின் நடுவில் நின்று, விற்பனைக்கு வைத்திருந்த கடப்பாரைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிமெண்டுத் தரையில் குத்தி, தலையைச் சாய்த்து ஓசை கேட்டுக்கொண்டிருந்தார். தரை அங்கங்கே பெயர்ந்தது. கடைக்காரர் பார்த்தும் பாராதவர்போல ஆணிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தோர்டிஸ் ஒரு கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இது பேசுது. மத்ததெல்லாம் முனகுது," என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார்.

அர்லிஸ் அந்த ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வரிக்கணக்கு எழுதும் தொழில். இரும்புக்கடையின் பின்னறையை வாடகைக்குப் பிடித்து, கதவில் பெயர்ப்பலகைகூட இன்னும் மாட்டியிருக்கவில்லை. தோர்டிஸ் கடப்பாரையோடு அந்தக் கதவுவரை வந்தார்.

"நீதான் வரிக்காரியா?"

"ஆமாம்."

"எனக்கு ஒரு கம்பெனி இருக்கு. கணக்கு சுலபம். மூணு மாசம் வேல, ஒம்பது மாசம் தண்ணி."

மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய அந்த ஏரி, டிசம்பரில் உறைந்து மார்ச்சு கடைசியில் உடையும். மீன் நிறைந்த ஆழம் கரையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி இருக்கிறது. அதுவரை பனிக்கட்டிமேல் ஒரு சாலை போட்டுப் பராமரிப்பது தோர்டிஸின் தொழில். விழுந்த பனியை வழித்துத் தள்ளுவார். பனித்தகடுகள் பிளக்கும் இடங்களில் மரப்பாலம் இழுத்துப் போடுவார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரார் கொண்டுவந்து போடும் மரங்களைச் சாலையின் இருபுறமும் துளையிட்டு நடுவார். மின்விளக்குச் சரம் ஒன்று மறந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கும் மரம் எதுவோ, அது இரண்டாவது பாலத்தருகே நிற்கும். சாலைக்கு நுழைவுக்கட்டணம் உண்டு. கரையில் ஒரு தகரக்குடில், அதுதான் வாயில்.

அவருக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. குட்டையான, அகன்ற உடல். இடக்கையில் தடித்த தோலுறை, வலக்கையில் மெல்லிய கம்பளியுறை. கம்பளியுறையின் ஆள்காட்டி விரல்நுனி வெட்டப்பட்டிருக்கும். அந்த நுனி கைபேசியில் செய்தி எழுதுவதற்கு. மேலங்கியின் பையில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய உருளைக்கிழங்கு ரொட்டி ஒன்று எப்போதும் இருக்கும். பாதியை முதல் பாலத்தில் தின்பார். மீதியைத் திரும்பும்போது தின்பார். திரும்பாமல் தின்பதில்லை.

ஏரிமேல் வண்டி ஓட்டும்போது இருக்கைப்பட்டை போடமாட்டார், கண்ணாடிகளை இறக்கிவிட்டிருப்பார். பக்கத்தில் உட்காருபவர் யாராயினும் அதே விதி. ஒருமுறை புதிதாய் வந்த பாதிரியாரின் மனைவி, மூக்கு நுனி வெளுத்துப்போய், கண்ணாடியை ஏற்றலாமா என்று கெஞ்சினார். "ஏத்தலாம். அப்புறம் வண்டி உள்ள போச்சுன்னா எறங்க வழி தேடணும். குளுந்தா கூடப் பரவால்ல, நீங்க சும்மா பல்ல நடுங்கவிட்டுக்கிட்டே வாங்க," என்றார் தோர்டிஸ். அவருக்கு நீச்சல் தெரியாது. கோடையில் ஏரிப்பக்கம் போவதுமில்லை. பிறருடைய வீடுகளுக்கு வண்ணம் அடிக்கப் போய்விடுவார்.

ஒரே ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. 'பத்திரம்' என்ற சொல். நாள்தோறும் விடியுமுன் துளைபோட்டுப் பனிக்கட்டியின் தடிப்பைப் பார்த்து, ஏரிக்குப் போகிற எல்லாருக்கும் செய்தி அனுப்புவார்: "முதல் பாலம் பதினாறு அங்குலம். இரண்டாவது பாலத்தில் ஈரம். இன்று போகலாம்." வாயிலில் யாராவது, "அப்போ பத்திரம்தானே?" என்று கேட்டால் முகம் கடுகடுத்துவிடும். காவல் அதிகாரியான ஷெரிஃப்போல ஏரியில் சட்டம் பேசுவதால் ஊரார் அவரை 'ஷெரிஃப்பம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இன்னைக்குப் போகலாம்னேன். நான் சொன்னது அவ்வளவுதான்."

"அதத்தானே ஷெரிஃப்பம்மா நானும் கேக்கறேன்?"

"இல்ல. நீ வேற ஒண்ணு கேக்கற. அத ஏரிகிட்டப் போயிக் கேளு."

யார் யாருக்குச் செய்தி போகவேண்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. வாயிலில் வண்டியை நிறுத்திக் கட்டணம் கட்டும்போது, ஆட்கள் தம் கைபேசி எண்ணை உரக்கக் கத்துவார்கள். தோர்டிஸ் தச்சர் பென்சிலால் குடிலின் உட்புற ஒட்டுப்பலகைச் சுவரில் எழுதிக்கொள்வார். எந்த எண் யாருடையது என்று எழுதமாட்டார். எழுத்தின் சாய்விலிருந்தே ஆளைச் சொல்வார். வசந்தத்தில் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார். அடுத்த டிசம்பரில் மறுபடியும் கத்தல்.

இது பல ஆண்டு நடந்தது. ஒரு குளிர்காலத்தில்தான் பிசகியது.

மீன்பிடிப்பவர்கள் வாயிலுக்கு வந்து, "என்ன ஷெரிஃப்பம்மா, எங்கள எல்லாம் மறந்துட்டியா? ஒரு செய்தியும் காணோம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேலி செய்கிறார்கள் என்று தோர்டிஸ் நினைத்தார். கைபேசியில் 'அனுப்பப்பட்டது' என்றுதானே காட்டுகிறது? ஒரு வாரம் அதே கேள்வியே வந்தபிறகு அர்லிஸிடம் வந்தார். அர்லிஸ் விசாரித்ததில் விஷயம் தெளிவாயிற்று. ஒரே எண்ணிலிருந்து ஒரே நிமிடத்தில் முந்நூறு பேருக்கு ஒரே வாசகம் போனதால், தொலைபேசி நிறுவனங்களின் கணினிகள் அதை மோசடிக்காரர் வேலை என்று முடிவுசெய்து, சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தன.

"என்னையா மோசடின்னுச்சு?"

"உன்ன இல்ல. உன் நம்பர."

"ரெண்டும் ஒண்ணுதான்."

மாற்றுவழி ஒன்று இருந்தது. வணிகர்கள் கூட்டமாகச் செய்தி அனுப்புவதற்கென்றே அழைப்பவருக்குக் கட்டணமில்லாத எண்களை வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் உண்டு. அப்படி ஒரு நிறுவனத்தில் அர்லிஸ் எண் ஒன்றைப் பதிவுசெய்தார். எண் அன்றே கிடைத்தது. ஆனால் அனுப்புபவர் யார், அவர் தொழில் உண்மையா, பெறுபவர்கள் சம்மதித்திருக்கிறார்களா என்று சரிபார்த்து முடிக்கும்வரை அந்த எண்ணிலிருந்து ஒரு செய்தியும் நகராது. அதுவரை ஏரிமேல் இருப்பவர்களுக்குக் காற்று திரும்பியதையோ, பனி பிளந்ததையோ சொல்ல வழி இல்லை. பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிப்பவர்கள் இழுத்துவந்து நிறுத்தித் தங்கும் குடில்கள், முகட்டுக்கு அப்பால் அப்போதே எழுபதுபோல இருந்தன. முகடு என்பது இரண்டு பெரும் பனித்தகடுகள் மோதி எழும்பும் இடம். காற்று திசைமாறினால் அதே இடம் பிரிந்து வாய்பிளக்கும்.

விவரங்களைத் தானே சொல்வேன் என்று தோர்டிஸ் அடம்பிடித்தார். அவர் சொல்லச் சொல்ல அர்லிஸ் தட்டச்சு செய்தார்.

"தொழிலோட பேரு?"

"தோர்டிஸ் சாலை."

"தோர்டிஸ், வரி ஆபீசுல உன் கம்பெனி பேரு அது இல்ல. ஒவ்வொரு வருஷமும் நான்தானே எழுதறேன்?"

"அந்தப் பேரு யாருக்குத் தெரியும்? மோன் வான்கோழிப் பண்ணைன்னு செய்தி வந்தா, எவனோ விருந்துக்குக் கறி விக்கறான்னு நெனச்சுத் தெறக்காமலே தூக்கிப் போட்டுடுவான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அர்லிஸ் தயங்கி, பிறகு விட்டுக்கொடுத்தார். அடுத்து முகவரி.

"படகுத்துறையிலேர்ந்து வடமேற்கே நாலாவது மைல், ரெண்டாவது பாலம்."

"இது முகவரியா?"

"டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நான் அங்கதானே இருக்கேன்? டீசல்காரன் அங்கதான் வர்றான். பீட்சாக்காரன் அங்கதான் வர்றான். போலீசுகூட அங்கதான் வருது. இவங்களுக்கு மட்டும் என்ன?"

அந்த ஊரில் இதைக் கேட்டுச் சிரிப்பவர் யாரும் இல்லை. அந்தப் பாலத்துக்குப் பிறந்தநாள் கேக்கே வந்திருக்கிறது. ஆனால் சரிபார்க்கும் நிறுவனம் அந்த ஊரில் இல்லை. ஐந்தாம் நாள் மறுப்பு வந்தது; அதற்கு மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது. பேசியவர் பெயர் கீனன். குரல் இளமையாகவும் மரியாதையாகவும் இருந்தது. பின்னணியில் அவரைப்போலவே பலர் மரியாதையாகப் பேசுவது கேட்டது.

"அம்மா, நீங்க குடுத்திருக்கற எடத்த வரைபடத்துல போட்டுப் பாத்தேன். தண்ணிக்குள்ள விழுதும்மா."

"இப்ப விழாது. மே மாசம் போட்டா விழும்."

"சரிங்கம்மா. கரையில ஏதாவது முகவரி இருக்கா? வீடு?"

தோர்டிஸ் வீட்டு முகவரியைச் சொன்னார், ஏதோ கடன் கொடுப்பதுபோல.

"அடுத்தது, உங்க வரி எண்ணப் போட்டா வேற பேரு வருது. மோன் வான்கோழிப் பண்ணைன்னு."

"ஆமா."

"வான்கோழிப் பண்ணை எதுக்கும்மா பனிக்கட்டி எத்தன அங்குலம்னு எல்லாருக்கும் சொல்லுது?"

"வான்கோழி எல்லாம் செத்துப்போச்சு, தம்பி. கம்பெனி சாகல."

அர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். கீனன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அனுப்பப்பட்டிருந்த புகைப்படத்துக்கு வந்தார். பெறுபவர்கள் சம்மதித்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். தோர்டிஸ் குடிலின் சுவரைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார்.

"இது என்னங்கம்மா? சுவரா?"

"சுவர்தான். அதுதான் சம்மதம்."

"இந்த நம்பரெல்லாம் அவங்களே எழுதினதா?"

"இல்ல. அவங்க கத்துவாங்க, நான் எழுதுவேன்."

"கத்தினதுக்கு… ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"நீ இங்க வந்து நில்லு, கேக்கும்."

கீனன் கெட்ட மனிதர் அல்லர். செய்யவேண்டியதைப் பொறுமையாக விளக்கினார். வாயிலில் ஒரு பலகை வைக்கவேண்டும். யார் அனுப்புகிறார், என்ன செய்தி வரும், எவ்வளவு அடிக்கடி வரும், வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது என்பதை அதில் எழுதவேண்டும். விரும்புகிறவர் தம் கைபேசியிலிருந்தே ஒரு சொல்லை அந்த எண்ணுக்கு அனுப்பவேண்டும். கத்தக்கூடாது. செய்தியின் தொடக்கத்தில் 'தோர்டிஸ் சாலை' என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் பதிவில் கம்பெனியின் சட்டப்பெயர் இருக்கவேண்டும். இவையெல்லாம் ஒரு மாலைக்குள் முடிகிற வேலைகள். அர்லிஸ் பலகைக்கு வாசகம் எழுதினார். 'சேவை' என்ற சொல் எங்கும் வரக்கூடாது என்பது மட்டுமே தோர்டிஸின் நிபந்தனை.

கடைசியாகக் கேட்டது ஒன்றுதான் முட்டுக்கட்டையாயிற்று. அந்த வரி எண் அந்தக் கம்பெனிக்கே உரியது என்று வரித்துறை தந்த உறுதிக்கடிதம் வேண்டும். பழைய கடிதம் இல்லை; ஏரியில் மூழ்கிய ஒரு வண்டிக்குள் ஊறிக் கூழாகிவிட்டது. நகல் வேண்டுமென்றால், கம்பெனிக்குப் பொறுப்பாளர் என்று துறையில் பதிவாகியிருப்பவரே தொலைபேசியில் அழைத்துக் கேட்கவேண்டும். பதிவாகியிருந்தவர் லேலண்ட் மோன். பொறுப்பாளரை மாற்ற விண்ணப்பிக்கலாம். அது முடிவதற்குள் ஏரி உருகிவிடும்.

லேலண்ட், தோர்டிஸின் முன்னாள் கணவர். இருவரும் சேர்ந்துதான் வான்கோழி வளர்த்தார்கள். நோய் வந்து பண்ணை போனபின் இருவரும் சேர்ந்துதான் சாலை போட்டார்கள். ஒரு மார்ச்சு மாதம், தோர்டிஸ் சாலையை மூடிச் சங்கிலி போட்ட மறுநாள், லேலண்ட் சங்கிலியை அவிழ்த்துவிட்டுத் தீவிலிருந்த நண்பரின் வீட்டுக்கு வண்டியோடு கிளம்பினார். பாதிவழியில் வண்டி உள்ளே போயிற்று. தோர்டிஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்துபோய் அவரை இழுத்தார். அதற்காகத் தோர்டிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் காப்பிக்கடையில், தோர்டிஸ் கடல்நாய்போல ஊர்ந்து வந்ததை லேலண்ட் தரையில் படுத்து நடித்துக் காட்டினார். கடையே சிரித்தது. தோர்டிஸ் உள்ளே நுழைந்தபோது அவர் இன்னும் தரையில்தான் இருந்தார். அந்த ஆண்டே மணவாழ்க்கை முடிந்தது. லேலண்ட் தண்ணீரே உறையாத அரிசோனாவுக்குப் போனார். அதன்பிறகு தோர்டிஸ் அவர் பெயரைச் சொன்னதில்லை. சொல்லவேண்டி வந்தால் 'அரிசோனா' என்பார்.

"ஒரே ஒரு போன்தான்," என்றார் அர்லிஸ்.

"மார்ச் வரைக்கும் கதவத் தட்டிக்கிறேன்."

"எழுபது கதவையா?"

"எனக்கு முட்டி இருக்குல்ல?"

சொன்னபடியே செய்தார். காலையில் துளைபோட்டுப் பார்த்துவிட்டு, குடில் குடிலாகப் போய் கடப்பாரையின் பிடியால் கதவைத் தட்டி, அங்குலத்தைச் சொல்லிவிட்டு வருவார். உள்ளே அடுப்பும் தொலைக்காட்சியும் சீட்டுக்கட்டுமாக இருப்பவர்கள், "உள்ள வந்து ஒரு வாய் சூப்பு குடி," என்பார்கள். "குடிச்சா மத்தவன் முழுகுவான்," என்று சொல்லிவிட்டு நடப்பார்.

ஜனவரி இறுதியில் ஒரு நண்பகல், காற்று தென்மேற்குக்குத் திரும்பியது. முகடு பிரியத் தொடங்கியதைத் தோர்டிஸ் கண்ணால் காணுமுன் காலால் உணர்ந்தார். கைபேசியில் செய்தி எழுதினார். பழைய எண்ணிலிருந்து எல்லாருக்கும் அனுப்பினார். 'அனுப்பப்பட்டது' என்று காட்டியது. ஒருவருக்கும் போகவில்லை. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு குடில் குடிலாகத் தட்டினார். முதலில் கதவு தட்டப்பட்டவர்கள் மற்றவர்களின் கதவைத் தட்டினார்கள். ஆனாலும் வடக்கு ஓரத்தில், தனியாக, இரண்டு குழந்தைகளோடு வந்திருந்த ஒரு குடும்பத்தை யாரும் நினைக்கவில்லை. தோர்டிஸ் அங்கே போய்ச் சேர்ந்தபோது தந்தை வாத்தியத்தில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் காலுறையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பாலத்தின் ஒரு முனை நீரில் இருந்தது. குழந்தைகளை அவர் ஒவ்வொருவராகத் தூக்கிக் கடந்தார். அவர்களுடைய வண்டியும் தோர்டிஸின் வண்டியும் அந்தப்பக்கமே நின்றன; இரண்டு நாள் கழித்து இடைவெளி மூடியபின்தான் மீட்டார்கள்.

வழியில் அந்தத் தாய், "எங்களுக்குச் செய்தி வரும்னு டிசம்பர்ல வாசல்ல சொன்னீங்களே? நம்பர்கூடக் குடுத்தோமே?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை; புரியாமல்தான் கேட்டார்.

மறுநாள் காலை அர்லிஸின் அறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"அரிசோனா நம்பர் உங்கிட்ட இருக்கும்ல?"

"பழைய கணக்குல இருக்கு."

"போடு."

கைபேசியை மேசைமேல் வைத்து, ஒலியை அறைக்கே கேட்கும்படி உயர்த்தச் சொன்னார். அர்லிஸ் எழுந்து வெளியே போகப் பார்த்தார். "எங்க போற? உக்காரு," என்றார் தோர்டிஸ். மணி வெகுநேரம் அடித்தது.

"யாரு?"

"தோர்டிஸ்."

அந்தப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. சாகாம இருக்கத்தான் கூப்புடறேன்."

அவர் நேராக விஷயத்தைச் சொன்னார்: எண், கடிதம், வரித்துறை, பொறுப்பாளர். நடுவில் எந்தச் சொல்லையும் வீணாக்கவில்லை. லேலண்ட் கேட்டுவிட்டு, "அட, நம்ம வான்கோழி இன்னும் உயிரோடவா இருக்கு?" என்று சிரித்தார். தோர்டிஸ் சிரிக்கவில்லை. அந்தப்பக்கச் சிரிப்பு தானாகத் தேய்ந்து நின்றது.

"தோர்டிஸ்."

"ம்."

"அந்த வண்டிக் கதைய நான் இங்க ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

"இங்க சொன்னே. போதும்."

"ஆமா. சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

தோர்டிஸ் மேசைமேல் இருந்த காகித எடையை எடுத்து, அடியைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

"எப்பக் கூப்புடுவ அவங்கள?"

"நாளைக்குக் காலைல, ஆபீசு தெறந்ததும். காத்திருன்னா காத்திருக்கேன். எனக்கு இங்க என்ன வேல? கள்ளிச்செடிக்குத் தண்ணிகூட ஊத்த வேணாம்."

"சரி."

அழைப்பை அணைக்கத் தோர்டிஸின் விரல் நீண்டது. லேலண்ட் அவசரமாக, "ரெண்டாவது பாலத்துல இப்ப எத்தன?" என்று கேட்டார்.

விரல் அப்படியே நின்றது. அர்லிஸ் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு. மேக்கால பதினாலு."

"பரவால்லியே."

"பரவால்ல," என்றார் தோர்டிஸ். அணைத்தார். "இவ்வளவுதானே?" என்று அர்லிஸிடம் கேட்டு, எழுந்து போய்விட்டார்.

லேலண்ட் இரண்டரை மணி நேரம் தொலைபேசியில் காத்திருந்து கடிதத்தைப் பெற்றார் என்பது பிறகு தெரிந்தது. அதை அவரே அர்லிஸுக்கு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை. அர்லிஸ் அதைச் சட்டப்பெயரோடும், கரை முகவரியோடும், பலகையின் படத்தோடும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தார். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒப்புதல் வந்தது; பலகையின் படத்தோடு லேலண்டுக்கும் அர்லிஸ் அதைத் தெரிவித்தார். கீனன் அழைத்து, "உங்க வான்கோழி தேறிடுச்சும்மா," என்றார். "நீ ஒருநாள் வா, தம்பி. நான் குடுத்த மொதல் முகவரிக்கே கூட்டிட்டுப் போறேன்," என்றார் தோர்டிஸ். அவர் ஒருவரை ஏரிக்கு வரும்படி அழைத்ததை அர்லிஸ் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

வாயிலில் பலகையைப் பார்த்துப் பலரும் முணுமுணுத்தார்கள். கையுறையைக் கழற்றி, உறைந்த விரலால் ஒரு சொல்லைத் தட்டி அனுப்புவது கத்துவதைவிடக் கடினம்.

"என்ன ஷெரிஃப்பம்மா, பாஸ்போர்ட்டும் காட்டணுமா?"

"அது அடுத்த வருஷம். இப்ப அந்தச் சொல்ல அனுப்பு. அனுப்பாதவன் உள்ள போக முடியாது."

"நான் இருவது வருஷமா வர்றேன்!"

"அதான் உன் வெரலு இவ்வளவு மெதுவா இருக்கு. சீக்கிரம், பின்னால வண்டி நிக்குது."

அந்த மாத நடுவில் காற்று மறுபடி திரும்பியது. இம்முறை அவர் முகட்டருகே வண்டியை நிறுத்தி, வலக்கை விரல்நுனியால் எழுதி அனுப்பினார்: "தோர்டிஸ் சாலை. முகடு பிரிகிறது. உடனே கரைக்குத் திரும்புங்கள்." சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பனிவெளியின் தொலைவில் ஒரு வண்டியின் விளக்கு எரிந்தது, அதன்பின் இன்னொன்று, அப்புறம் எங்கும் விளக்குகள். ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு, மெதுவாகப் பாலத்தைக் கடந்தார்கள். எல்லாரும் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். கடந்துபோகும் ஒவ்வொருவரும் கைபேசியை உயர்த்திக் காட்டினார். தோர்டிஸ் யாருக்கும் கையசைக்கவில்லை. கடைசி வண்டி போகும்வரை பாலத்தின் முனையில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார்.

மாலை, வாயிற்குடிலில் அர்லிஸ் மடிக்கணினியை விரித்து, யார் யாருக்குச் செய்தி சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் சேர்ந்திருந்தது. பட்டியலில் ஓர் எண் மட்டும் வேறு மாநிலத்து எண்ணாக இருந்தது. ஒப்புதல் வந்த அன்றே, யாரும் கேளாமல், அந்தச் சொல்லை அனுப்பிப் பதிந்திருந்தது. அர்லிஸுக்கு அந்த எண் தெரியும்.

"தோர்டிஸ், அரிசோனாவும் இதுல இருக்கு. ஏரிய விட்டு அவ்வளவு தூரத்துல இருக்கறவருக்குத் தினமும் எதுக்கு இது? எடுத்துடவா?"

தோர்டிஸ் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"யாரும் கட்டாயப்படுத்தலியே?"

"இல்ல. அவராத்தான் அனுப்பியிருக்கார்."

"அப்ப சம்மதம்தானே? விதிப்படி இருக்கட்டும்."

வெளியே போய் வண்டியைக் கிளப்பினார். அர்லிஸ் விளக்கை அணைத்துக் குடிலைப் பூட்டினார். வண்டி கொஞ்சதூரம் போய் நின்று, பின்னோக்கி வந்து, அர்லிஸின் அருகில் நின்றது.

"நான் காலைல அஞ்சு மணிக்கு அனுப்பறேன். அங்க அப்ப நாலு மணிதானே?"

"ஆமாம், ஒரு மணி நேரம் பின்னால."

"அந்த ஒரு நம்பருக்கு மட்டும் விடிஞ்சப்புறம் போற மாதிரி செய்ய முடியுமா?" என்று கேட்டுவிட்டு, அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்னும் அந்தக் குளிரில், பதில் தெளிவாகக் காதில் விழட்டும் என்று வண்டியை அணைத்தார்.